பாவம் நீளவாக்கில் ஓடும்

கணினியில் புதிதாக எதை ஏற்றினாலும் உதயா முதலில் தேடுவது அதை நிறுத்தும் வழியைத்தான். நன்றாக ஓடுகிறதா என்பது இரண்டாவது கேள்வி. பேச ஆரம்பித்தால் ஓயாதது, மூடிய பிறகும் பின்னால் உட்கார்ந்து இரைந்துகொண்டிருப்பது, பிடுங்கி எறிந்த மறுநாள் காலையில் ஒன்றும் நடக்காததுபோல் வணக்கம் சொல்வது என்று எத்தனையோ மென்பொருள்களோடு அவள் மல்லுக்கட்டியிருக்கிறாள். கண் தெரிந்தவர்களுக்கு அது ஓர் எரிச்சல், அவ்வளவுதான். திரையில் இருப்பதையெல்லாம் காதால் கேட்டே வேலை செய்கிறவளுக்கு, கூப்பிடாத குரல் ஒன்று குறுக்கே பேசினால் வீட்டுக்குள் யாரோ நுழைந்துவிட்ட மாதிரி இருக்கும்.

ஏழாம் வகுப்பில் வந்த காய்ச்சலோடு உதயாவுக்குப் பார்வை போய்விட்டது. இப்போது கே.ஜி.கண்டிகைப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. திருத்தணி ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் கணவன் துளசிங்கத்தோடு குடியிருக்கிறாள். அவன் பொதட்டூர்பேட்டை நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. லுங்கி மூட்டையை வண்டியில் கட்டிக்கொண்டு ஆந்திரப் பக்கத்துக் கடைகளுக்குப் போட்டுவிட்டு வருகிறவன். சமையலறைச் சுவரை ஒட்டி அவளுடைய கணினி. மானிட்டர் எப்போதும் அணைந்தே கிடக்கும். துளசிங்கம் அதன்மேல் கர்ச்சீப் காயப்போடுவான்.

பார்வையற்ற நண்பர்கள் சேர்ந்து நடத்தும் வாட்ஸப் குழு ஒன்று உண்டு. பெயர் காதுக் கண்ணாடி. அரக்கோணம், வேலூர், சித்தூர் என்று பல ஊர்க்காரர்கள். எந்த மென்பொருள் உருப்படியானது, எது தண்டம் என்று அதில் பேசிக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் உதயா அதில் குரல்பதிவு போடுவாள். ஒன்றை எடுத்தால் இரண்டு வாரமாவது வைத்து மேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவாள். அவளுடைய தீர்ப்புகள் இரண்டே: "வேலைக்காவாது", "ஓட்டலாம்". அதற்கு மேலே ஒரு படி இருப்பதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

"அக்கா கிட்ட கடவுளையே குடுத்தாலும் ஓட்டலாம்னுதான் சொல்வாங்க" என்று அரக்கோணத்து ராஜீவ் ஒருமுறை போட்டான்.

"மொதல்ல இன்ஸ்டால் பண்ணிப் பாக்கணும்பா" என்று உதயா பதில் போட்டாள்.

அவள் கஞ்சத்தனமாகப் புகழ்வதற்குக் காரணம் இருந்தது. இணையத்தில் "சிறந்த பத்து மென்பொருள்கள்" என்று எழுதுகிறவர்களில் ஒருவர்கூட அந்தப் பத்தில் ஒன்றையும் ஒரு வாரம் பயன்படுத்தியவராகத் தெரியவில்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் வரிசை மாற்றி எழுதியிருப்பார். அவற்றை நம்பி இறக்கப் போனால், இறக்கும் பக்கத்தில் எந்தப் பொத்தானுக்கும் பெயர் இருக்காது. அவளுடைய திரைவாசிப்பான் "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் சொல்லும். எந்தப் பட்டன்? அதைத் தெரிந்துகொள்ள அழுத்தித்தான் பார்க்க வேண்டும். அழுத்தினால் ஜாதகம் பார்க்கும் செயலி ஒன்று இறங்கும். பார்வையற்றவர்களுக்கென்றே செய்தது என்று பெருமையடித்துக்கொண்ட ஒரு மென்பொருள், முதல் பக்கத்திலேயே ஒரு படத்தைக் காட்டி, அதில் உள்ள கோணல் எழுத்துகளைப் படித்து எழுதினால்தான் உள்ளே விடுவேன் என்றது. அன்று அவள் எழுந்து போய் தோசைக்கு மாவு கரைத்தாள்.

கல்லூரிக் காலத்தில் அவளுக்குக் கேசட்டுகள் இருந்தன. தோழிகள் பாடங்களைப் படித்துப் பதிந்து கொடுப்பார்கள். அவர்களுக்குத் தேர்வு வந்துவிட்டால் கேசட் வராது. அவர்களுக்குத் தேர்வு வரும்போதுதான் இவளுக்கும் தேர்வு. பிறகு கணினி வந்தது, பேசும் மென்பொருளும் வந்தது. தமிழ்ப் பக்கம் ஒன்றை ஆசையாகத் திறந்தாள். ஏதோ ஒரு பழைய எழுத்துருவில் தட்டியது அது. பார்ப்பவர் கண்ணுக்குத் தமிழ், உள்ளே வெறும் ஆங்கில எழுத்துகள். "தமிழ்" என்று இருந்த இடத்தில் குரல் நிதானமாக "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்" என்றது. தன் தாய்மொழியின் பெயர் செமிகோலனில் முடிகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அச்சுப் புத்தகம் என்றால் இன்னும் சிக்கல். ஸ்கேன் செய்து, படத்திலிருக்கும் எழுத்தை மென்பொருள் அடையாளம் கண்டு, பிறகு குரல் படிக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு அது எப்போதோ சரியாகிவிட்டது. தமிழுக்குக் கிடைத்தது ஒரு முரட்டு மென்பொருள். துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் அதற்கு வித்தியாசமே தெரியாது. பாடம் என்பதைப் பரடம் என்று படிக்கும். காலம் என்பதைக் கரலம் என்று படிக்கும். குழுவில் அதற்குப் பரடம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு பக்கம் கேட்டு முடிப்பதற்குள் பல் கூசும். அதற்கு உதயா கொடுத்த தீர்ப்பு "ஓட்டலாம்", அதுவும் மனசே இல்லாமல்.

துளசிங்கம் படித்துக் காட்ட மாட்டான் என்றில்லை. சாப்பிட்ட பிறகு உட்கார்ந்து நன்றாகவே படிப்பான். கல்யாணமான புதிதில் ஒரு நாவலை இருவரும் அப்படித்தான் முடித்தார்கள். பள்ளியில் சக ஆசிரியை ஒருத்தி அதே நாவலில் வரும் மலைக்காட்சியை வியந்து பேசியபோது உதயாவுக்கு உறைத்தது. அவள் கேட்ட நாவலில் மலையே இல்லை.

"அதுல ஒண்ணும் இல்ல உதயா" என்றான் துளசிங்கம். "மலைய பத்திப் பக்கம் பக்கமா எழுதிக்கிறான். நமக்குத் தெரியாத மலையா? அதான் தாண்டிட்டேன்."

"வேற எதெத தாண்டினீங்க?"

"லெட்டரு ஒண்ணு வந்துது. நீட்டமா. அது."

"கத முடிவே அந்த லெட்டர்லதான் இருக்குதாம்."

"முடிவுதான் நான் சொன்னனே, நல்லாத்தான இருந்துது?"

அவள் சண்டை போடவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது: அடுத்தவர் குரல் வழியாகப் படிப்பது அடுத்தவர் படித்ததைப் படிப்பதுதான். அன்புள்ளவராக இருந்தாலும் அதுதான். தனக்கென்று ஒரு பக்கத்தை, யாருடைய சலிப்பும் கலக்காமல், இருக்கிறபடி படிக்க வேண்டும் என்பது அவளுக்கு ஆசை என்பதைவிட வீம்பாகவே ஆகிவிட்டிருந்தது. மென்பொருள் மாற்றி மென்பொருள் அவள் தேடியது இதற்குத்தான்.

இந்த நிலையில்தான் புதிது ஒன்று வந்தது. அச்சுத் தமிழைப் பிழையில்லாமல் படிக்கும் என்று விளம்பரம். உதயா வழக்கம்போல் அதைப் பொய் என்று எடுத்துக்கொண்டு ஆரம்பித்தாள். நிறுத்தும் வழி இருந்தது. பொத்தான்களுக்குப் பெயர் இருந்தது. இலக்கண நூல் ஒன்றைக் கொடுத்தாள். குரல் தடங்காமல் படித்தது. பள்ளிச் சுற்றறிக்கை, பத்திரிகைத் துண்டு, மூன்று பேர் கைமாறி நைந்துபோன கல்யாணப் பத்திரிகை, எல்லாவற்றையும் கொடுத்தாள். கடைசியில் வேர்க்கடலை மடித்து வந்த பொட்டலத் தாளைப் பிரித்து ஸ்கேனரில் வைத்தாள். எண்ணெய் ஊறிய தாள். அதையும் அது ஆற்றொழுக்காகப் படித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை குரல்பதிவைப் போடும்முன் அவள் அந்தப் பொட்டலத் தாளை இன்னொருமுறை வைத்துக் கேட்டாள். பிறகு குழு அதுவரை கேட்டிராத ஒரு வார்த்தையைச் சொன்னாள்.

"நம்பலாம்."

"அக்கா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று ராஜீவ் கேட்டான்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டவர்களில் யுவஸ்ரீ ஒருத்தி. கே.ஜி.கண்டிகையில் கூலி வேலை செய்யும் குடும்பத்துப் பெண், பிறவியிலேயே பார்வையில்லை, பட்டம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கமொன்றில் உதவியாளர் வேலைக்குத் தேர்வு வைக்கிறார்கள் என்று விண்ணப்பித்திருந்தாள். இரண்டு தாள். முதல் தாள் பொது அறிவு. அதில் அவளுக்குப் பயமில்லை. இரண்டாவது நெசவுத் தொழில். அதற்கு இருந்தது ஒரே புத்தகம், அதுவும் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து மங்கிப்போனது. அதுவரை அதைப் பரடத்தில் போட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தவள், உதயா சொன்ன அன்றே புதியதற்கு மாறிவிட்டாள். தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. இந்த வேலை கிடைக்காவிட்டால் சென்னையில் அத்தை வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். அத்தை வீட்டில் அவளுக்கு என்ன வேலை என்று யாரும் சொல்லவில்லை.

ஒருநாள் மாலை உதயா பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது யுவஸ்ரீ கூப்பிட்டாள்.

"அக்கா, ஒரு டவுட்டு. நீங்க தமிழ் டீச்சர்தான, அதான் உங்களக் கேக்கறேன்."

"கேளு."

"'பாவம் நீளவாக்கில் ஓடும், உடை குறுக்குவாக்கில் ஓடும்.' இதுக்கு இன்னாக்கா அர்த்தம்?"

உதயா பூண்டுப் பல்லை விரலுக்கிடையில் உருட்டியபடி யோசித்தாள். உரை சொல்வது அவளுக்குத் தொழில். எந்த வரியைக் கொடுத்தாலும் அதற்குள் ஒரு பொருள் இருந்தே தீரும் என்று நம்புகிற தொழில் அது.

"பாவம்ன்றது ஒரு பிறவியோட முடியறது இல்ல இல்லையா? பின்னாலயே நீண்டுகினு வரும். அதான் நீளவாக்கு. உடைன்றது ஒடம்ப மறைக்கிறது. உலகத்துக்கு நாம காட்டிக்கிறது. அது குறுக்க வந்து நிக்குது. நம்ம பாவத்த நாமளே பாக்க முடியாதபடி." சொல்லச் சொல்ல அவளுக்கே பிடித்துப்போய்விட்டது. "நல்ல வரிதான்."

"நெசவு புஸ்தகத்துல இதெல்லாம் போடுவாங்களாக்கா?"

"நெசவாளிங்களுக்கு பக்தி ஜாஸ்தி. எங்க மாமியார் வீட்ல பாக்கறனே."

"ஆங், நானும் அப்டித்தான் நெனச்சேன். இது மாதிரி நெறைய வருதுக்கா. 'பாவம் அறுந்தால் உடனே முடிச்சிட வேண்டும்'னு கூட ஒண்ணு கீது. பரிகாரம் மாதிரி. நம்ம மலையில கயிறு கட்றாங்கல்ல, அந்த மாதிரி கட்டிக்குவாங்களாட்டம். 'நெசவாளர் நம்பிக்கைகள்'னு தனியா எடுத்து வச்சி மனப்பாடம் பண்ணிகினு கீறேன்."

"ம்."

"அப்பால இது கேளுங்க. 'பாவத்தை அச்சில் கோக்கும்போது ஓர் இழையும் விட்டுப்போகக் கூடாது.'"

உதயாவின் கை நின்றது. கல்யாணமாகிப் பொதட்டூர்பேட்டைக்குப் போன முதல் நாள், துளசிங்கம் நைனா என்று கூப்பிடும் அவளுடைய மாமனார், தறி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளட்டும் என்று அவள் கையைப் பிடித்து விறைப்பாக நீண்டிருந்த நூல்களின்மேல் வைத்தார். வீணைத் தந்தி மாதிரி, ஆனால் எண்ண முடியாத அளவுக்கு நெருக்கமாக. பார்த்து, அழுத்தாதே என்றார். அந்த நூல்கள் ஒவ்வொன்றும் ஒரு சீப்புப் பல்லுக்குள் புகுந்து போவதையும் அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். அந்தச் சீப்புக்குப் பெயர் அச்சு. அந்த நூல்களுக்கு என்ன பெயர் சொன்னார்?

"யுவஸ்ரீ, அது பாவம் இல்ல. பாவு."

"பாவுன்னா?"

"தறியில நீட்டமா கட்டியிருக்குமே நூலு, அதான் பாவு. குறுக்க போறது ஊடை. உடை இல்ல, ஊடை."

யுவஸ்ரீ அந்த வரியை வாய்க்குள் மறுபடி சொல்லிப் பார்த்தாள்.

"அப்ப பாவம்?"

"பாவம் நாமதான்" என்றாள் உதயா.

உள்ளறையில் லுங்கிகளை அடுக்கிக்கொண்டிருந்த துளசிங்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான் என்பது அவனுடைய இருமலில் தெரிந்தது. சிரிப்பை அடக்கினால் அவனுக்கு இருமல் வரும்.

"டீச்சரம்மா, உலகத்துக்கு நாம காட்டிக்கிறது உடைன்னியே, அது சூப்பரா இருந்துது. எங்க நைனா கிட்ட சொல்லணும். இத்தினி வருஷமா பாவத்த நெய்ஞ்சிகினு கீறாரு, அவருக்கே தெரியாது."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் யுவஸ்ரீயை வரச் சொல்லி, அந்த ஜெராக்ஸை வாங்கி வைத்து, இரண்டு மென்பொருளிலும் ஒரே பக்கத்தைப் போட்டாள். பரடம் தன் கரகரத்த குரலில் "பரவு அறுந்தரல்" என்றது. புதியது தேனாகப் "பாவம் அறுந்தால்" என்றது. கீழே ஒரு வரியில் புதியது இன்னும் அழகாகச் சொன்னது: "நாடு இடமிருந்து வலமாக ஓடும்."

"அது நாடா" என்றான் துளசிங்கம் தாளைப் பார்த்து. "தறியில ஊடைய தூக்கிகினு இங்கயும் அங்கயும் ஓடுமே, கட்ட. நாடாவ நாடாக்கிடுச்சா? ஓடட்டும் உடு. எந்தப் பக்கம் ஓடினா நமக்கு இன்னா."

யுவஸ்ரீ சிரித்தாள். ஆனால் கேட்டாள்: "இதுவரைக்கும் நான் படிச்சதுல எது நெசம், எதுக்கா பொய்யி?"

உதயாவும் தன்னை அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். பாவமும் நாடும் கையில் சிக்கியவை. சிக்காதவை எத்தனை? அவற்றைக் கண்டுபிடிக்க வழியில்லை, ஏனென்றால் அவை நன்றாக இருந்தன. பரடம் தப்பாகப் படித்தால் அது தப்பு என்று காது சொல்லிவிடும். ரகரத்தைத் தூக்கிவிட்டுக் காலைப் போட்டுக்கொண்டால் முடிந்தது. அதன் முட்டாள்தனம் எப்போதும் ஒரே மாதிரியானது. புதியது அப்படியில்லை. தெரியாத இடத்தில் தெரிந்த வார்த்தையைப் போட்டு, முகம் மாறாமல் மேலே போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் வேர்க்கடலைத் தாள் ஞாபகம் வந்தது. எண்ணெய் ஊறி எழுத்து அழிந்த இடத்தை அது எப்படிப் படித்தது? அந்தக் கேள்வி அன்றைக்கே வந்திருக்க வேண்டும். வரவில்லை. கேட்க நன்றாக இருந்தது, அதனால் வரவில்லை.

துளசிங்கத்திடம் பள்ளிச் சுற்றறிக்கையின் ஒரு வரியின்மேல் ஈரக் கட்டைவிரலைத் தேய்க்கச் சொன்னாள். "மாணவர்கள் சீருடையில் வர வேண்டும்" என்ற வரி. சீருடை அழிந்துவிட்டது. புதியது ஒரு நொடிகூடத் தயங்காமல் "மாணவர்கள் ஒழுக்கத்துடன் வர வேண்டும்" என்று படித்தது.

"சுற்றறிக்கைய விட இதான் நல்லா கீது" என்றான் துளசிங்கம்.

"நீங்களும் அதுவும் ஒரே ஜாதி" என்றாள் உதயா. "நீங்க தாண்டிப் போவீங்க. அது ரொப்பிகினு போவுது."

அவள் அந்த மென்பொருளைச் செய்த நிறுவனத்துக்கு எழுதினாள். பதில் இல்லை. மறுபடி எழுதினாள். ஒருவழியாக ஆகாஷ் என்று ஒரு பையன் கூப்பிட்டான். குரலில் மரியாதை வழிந்தது.

"வணக்கம் மேடம். உங்க ஃபீட்பேக் பாத்தோம். ரொம்ப நன்றி மேடம்."

"நன்றி இருக்கட்டும்பா. தெரியாத எடத்துல அது தானா ஒண்ணப் போட்டுக்குது. அத சொல்லு."

"அது ஸ்மார்ட் கரெக்ஷன் மேடம். கேக்கறவங்களுக்குத் தடங்கல் இல்லாம இருக்கணும்ல."

"எனக்குத் தடங்கல் வேணும்."

"புரியல மேடம்."

"படிக்க முடியாத எடத்துல அது தடங்கணும். ஒரு பீப் சத்தம் குடுக்கச் சொல்லு. இல்லன்னா தெரியலன்னு வாயத் தெறந்து சொல்லச் சொல்லு."

"அப்டி சொன்னா சாஃப்ட்வேர் சரியில்லன்னு நெனச்சிடுவாங்க மேடம்."

"சரியில்லதானப்பா."

ஆகாஷ் கொஞ்சம் தடுமாறினான். அந்தத் தடுமாற்றம் உதயாவுக்குப் பிடித்திருந்தது. அதுவரை அவன் பேசியதில் அது ஒன்றுதான் அவனுடையது.

"அத நிறுத்தி வைக்க ஆப்ஷன் இருக்குதா?"

"இப்போதைக்கு இல்லீங்க மேடம். நோட் பண்ணிக்கிறேன். இந்தக் காலுக்கு எத்தன ஸ்டார் குடுப்பீங்க?"

"உனக்கு அஞ்சும் குடுக்கறேன். அதுக்கு ஒண்ணும் கெடையாது" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நிறுத்தும் வழி இருக்கிறது என்று அவள் முதல் நாளே தேர்ச்சி கொடுத்திருந்தாள். குரலை நிறுத்தலாம், ஜன்னலை மூடலாம், எல்லாவற்றையும் நிறுத்தலாம். அந்த ஒன்றைத் தவிர.

ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கவில்லை. அன்றே குழுவில் சொன்னாள். தான் சோதித்ததெல்லாம் தனக்கு ஏற்கெனவே தெரிந்த வார்த்தைகள் உள்ள தாள்கள் என்றும், தெரியாத விஷயத்தைப் படிக்கத்தானே நமக்குப் புத்தகம் வேண்டும், அங்கே இது பொய் சொல்கிறது என்றும், நம்பலாம் என்று சொன்னதை எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னாள். பாவம், நாடு, ஒழுக்கம் மூன்றையும் எடுத்துக்காட்டாகப் போட்டாள்.

பாவத்தைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு ராஜீவ் போட்டான்: "ஆனா கேக்கறதுக்கு நல்லா கீதுக்கா. பரடத்தக் கேட்டா காதுல ரத்தம் வருது."

வேலூர்க்காரர் ஒருவர் சொன்னார்: "நான் கதைதாம்மா கேக்கறேன். ஒரு வார்த்த முன்னபின்ன இருந்தா இன்னா ஆயிடப் போவுது?"

இன்னொரு பெண் கேட்டாள்: "நீங்கதான நம்பலாம்னீங்க?"

"ஆமா, நான்தான் சொன்னேன். அது தப்பு" என்று உதயா பதில் போட்டாள். இத்தனை வருஷம் "வேலைக்காவாது" என்று அவள் சொன்னபோதெல்லாம் கேட்டவர்கள், இப்போது மட்டும் கேட்கவில்லை. ஒரு பொருளை மட்டம் என்றால் ஒப்புக்கொள்கிறார்கள். சுகமாக இருப்பதைப் பொய் என்றால், பொய்யாக இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறார்கள். அவர்களைக் கோபிக்கவும் முடியவில்லை. இரண்டு வாரம் அவளே அந்தச் சுகத்தில் உட்கார்ந்திருந்தவள்தான்.

யுவஸ்ரீக்கு அந்தச் சொகுசெல்லாம் இல்லை. மனப்பாடம் செய்ததை முதலில் மறக்க வேண்டியிருந்தது. அது படிப்பதைவிடக் கஷ்டம் என்றாள். "பாவுன்னு சொல்ல வாயத் தெறந்தா பாவம்னு வருதுக்கா, பழகிப்போச்சி."

பள்ளி விட்டதும் அவளைப் பேருந்தில் கூடவே அழைத்துக்கொண்டு உதயா வீட்டுக்கு வருவாள். ஒரு பத்தியைப் பரடம் படிக்கும். அதே பத்தியைப் புதியது படிக்கும். இரண்டும் ஒத்துப்போனால் மேலே போவார்கள். எங்கே பிரிகிறதோ அங்கே துளசிங்கம் தாளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தைதான், தாண்டுவதற்கு அதில் இடமில்லை. முதல் நாள் அலுத்துக்கொண்டான். பிறகு தன்னை ஜட்ஜய்யா என்று கூப்பிட்டால்தான் தீர்ப்பு சொல்வேன் என்றான்.

"ஜட்ஜய்யா, பரடம் 'விழுது'ன்னுது, புதுசு 'விருது'ன்னுது."

"விழுது. பாவு நூலத் தூக்கி எறக்கும். எங்க நைனாவுக்கு எவன் விருது குடுத்தான்?"

வேலை நகர்ந்தது, ஆனால் நத்தையாக. ஒரு பத்திக்கு இரண்டு குரல், இரண்டுக்கும் நடுவில் வாதம். துளசிங்கம் சரக்கு போடப் போன நாட்களில் கேள்விகள் சேர்ந்துகொண்டே போகும். புதியதற்கு நடுவில் புதுப்பிப்பு வந்தது. திருத்தியிருப்பார்கள் என்று உதயா ஆசையாக ஏற்றினாள். குரல் இன்னும் இனிமையாகியிருந்தது. பாவம் அப்படியே இருந்தது.

சாயம் போடுவது பற்றிய பாடங்களைக் கடைசி வார விடுமுறையில் முடித்துவிடலாம் என்று வைத்திருந்தார்கள். அந்த வாரம் ஆடிக் கிருத்திகை வந்து விழுந்தது. ஊருக்குள் வண்டி விடவில்லை, கே.ஜி.கண்டிகையிலிருந்து வந்த பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். காவடிக் கூட்டத்துக்குள் கோலைத் தட்டிக்கொண்டு யுவஸ்ரீயால் வர முடியவில்லை. போனிலாவது படிக்கலாம் என்று உதயா கணினியின் வாயருகே போனைப் பிடித்தாள். தெருமுனை ஒலிபெருக்கி அரோகரா போட்டுக்கொண்டிருந்தது. இரண்டு குரல்களில் எது பரடம், எது புதியது என்று உதயாவுக்கே தெரியவில்லை.

"உடுங்கக்கா" என்றாள் யுவஸ்ரீ. "படிச்ச வரைக்கும் போதும்."

போதவில்லை. தேர்வு முடிவு வந்த அன்று உணவு இடைவேளையில் யுவஸ்ரீ கூப்பிட்டாள்.

"மொத பேப்பர்ல நல்ல மார்க்கு. ரெண்டாவதுல போச்சுக்கா. கொஞ்சத்துல."

"எதுல போச்சி?"

"தறியப் பத்தி கேட்டதெல்லாம் எழுதிட்டேன். சாயம்தான். ரெண்டு பெரிய கேள்வி. அந்தப் பாடத்த நாம தொடவே இல்ல."

உதயா சாப்பாட்டு டப்பாவை மூடினாள். "மொதல்லேர்ந்து பரடத்துலயே படிச்சிருந்தா அதையும் முடிச்சிருப்ப."

"முடிச்சிருப்பேன்" என்றாள் யுவஸ்ரீ.

அதற்குமேல் சமாதானமாக ஒன்றும் சொல்லவில்லை. விடுங்கக்கா, உங்கள் மேல் என்ன தப்பு என்று சொல்லியிருக்கலாம். சொல்லாதது உதயாவுக்குச் சுருக்கென்று இருந்தது. சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள் என்பதும் தெரிந்தது.

"அத்தை வீட்டுக்குப் போறியா?"

"போவல. அப்பா கிட்ட சொல்லிட்டேன். கொஞ்சத்துல போன பரிச்சைய இன்னொரு வாட்டி எழுதலாம்னேன். ஒரு வருஷம் டைம் குடுத்துக்கிறாரு. பொதட்டூர்பேட்டையில வேற ஒரு புஸ்தகம் கீதாம், பெருசாம். அத எதுல போட்டுக் கேக்கட்டும்?"

"என்னையா கேக்கற?"

"வேற யாரக் கேக்கறது? ராஜீவு அண்ணனக் கேட்டா எல்லாமே சூப்பருன்றாரு."

மணி அடித்தது. பிள்ளைகள் வராந்தாவில் ஓடிக்கொண்டிருந்தார்கள். புதிதாக இன்னும் இரண்டு மென்பொருள் வந்திருப்பதாகக் குழுவில் யாரோ போட்டிருந்தது உதயாவின் நினைவுக்கு வந்தது. இரண்டுமே பிழையில்லாமல் படிக்குமாம். அந்த வரியைக் கேட்டபோதே அவளுக்குக் கசந்தது.

"புஸ்தகத்த மொதல்ல எனக்குக் குடுத்தனுப்பு" என்றாள். "குரூப்புல வந்த ரெண்டு புதுசுலயும் வேற தாள் எதையும் போட்டுப் பாக்கப் போறதில்ல. அந்தப் புஸ்தகத்தையேதான் போட்டுப் பாப்பேன். சாயத்துல ஆரம்பிக்கறேன்."

"சரிக்கா. பாத்துட்டு ஓட்டலாமா வேணாமான்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

"அதெல்லாம் சொல்ல மாட்டேன். எந்தப் பக்கத்துல எந்த வார்த்தைக்கு ஒளறுதுன்னு சொல்றேன். அப்பால நீயே முடிவு பண்ணிக்க."

"அது நீட்டமா இருக்குமேக்கா" என்று யுவஸ்ரீ அலுத்துக்கொண்டாள்.

"இருக்கும்" என்று சொல்லிவிட்டு உதயா எட்டாம் வகுப்புக்கு நடந்தாள்.